எங்களைப் பற்றிய கடதாசியில் எங்கள் பெயர் எங்கே?

(கல்முனையில் நடைபெற்ற தொழிலாளர் கல்விக் கருத்தரங்கில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே! கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊர்களிலிருந்து வந்திருக்கும் காக்காமாரே, ராத்தாமாரே! மலையிலிருந்து எங்களோடு பஸ் ஏறி வந்த தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவிமாரே!  

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது சட்ட விஷயம். சட்டம் என்றதும் பின்வரிசையில் கொட்டாவி வரும் என்று தெரியும். ஆனால் விஷயம் நம்முடைய கூரையையும் சம்பளத்தையும் பற்றியது. கேள்வி இதுதான்: இரண்டு பேர் ஒப்பந்தம் செய்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தால் வரும் நன்மை மூன்றாவது ஒருவருக்கு. அவர் கையெழுத்து வைக்கவில்லை. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காவிட்டால் அந்த மூன்றாவது ஆள் போய்க் கேட்க முடியுமா?

நமக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்து தொடங்குவோம். ஒரு கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் வாப்பாவும் பெண்ணின் வாப்பாவும் உட்கார்ந்து, "பிள்ளைகளுக்கு நான் இவ்வளவு தருகிறேன், நீங்கள் இவ்வளவு தாருங்கள்" என்று எழுதிக்கொள்கிறார்கள். சீதனம் சரியா பிழையா என்ற விவாதம் இன்றைக்கு வேண்டாம். பெண்ணின் வாப்பா கொடுக்காமலே மௌத்தாகிவிட்டார். சொத்து இருக்கிறது. மாப்பிள்ளை போய், "எனக்குத் தருவதாக எழுதினார்கள், தாருங்கள்" என்று கேட்கலாமா?

இது கற்பனைக் கதை இல்லை. 1861ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இப்படியே ஒரு வழக்கு நடந்தது. டுவெட்டில் என்ற மாப்பிள்ளை, மாமனாரின் சொத்தைப் பொறுப்பேற்றிருந்த அட்கின்சன் என்பவருக்கு எதிராக வழக்குப் போட்டார். மாமனார் 200 பவுன், சொந்தத் தகப்பன் 100 பவுன் கொடுப்பதாக எழுத்து இருந்தது. மாப்பிள்ளை நேரடியாக வழக்குப் போடலாம் என்றுகூட அந்த எழுத்தில் இருந்தது. இருந்தும் தோற்றார். ஒப்பந்தம் இரண்டு தகப்பன்மாருக்கும் இடையிலானது, அதற்கு நீ அந்நியன் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிலையைப் பொதுவாக மாற்றிச் சட்டம் கொண்டுவர இங்கிலாந்துக்கு 138 வருடம் எடுத்தது. 1999ஆம் ஆண்டில்தான் மூன்றாந்தரப்பின் உரிமைக்கென்று அங்கே தனிச் சட்டம் வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போனதை வெள்ளைக்காரன் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அப்படியே தொடரவிட்டான். இந்தச் சட்டம் இந்த விஷயத்தில் ஆங்கிலச் சட்டத்தைவிட நமக்கு நல்லது. இரண்டு பேர் மூன்றாவது ஒருவரின் நன்மைக்காகவே ஒப்பந்தம் செய்தால், அந்த மூன்றாவது ஆள் அதை ஏற்றுக்கொண்டதும் அவருக்கு உரிமை பிறக்கிறது. வாக்குக் கொடுத்தவரிடம் அவரே நேரடியாகக் கேட்கலாம். லாயர்மார் இதற்கு ஸ்திபுலாத்தியோ அல்தேரி என்று ஒரு லத்தீன் பெயர் சொல்வார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அதில் உள்ள மூன்று நிபந்தனைகளை மறக்கக் கூடாது.

முதலாவது, ஒப்பந்தம் நம் நன்மையை நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும். தற்செயலாகக் கிடைக்கும் நன்மை போதாது. தொழிற்சாலைக்கு லொறி போக கம்பனி ஒரு கொந்தராத்துக்காரரை வைத்து ரோட்டுப் போடுகிறது. ரோட்டு நம் லயத்தடியால் போகிறது. நமக்கும் வசதிதான். ஆனால் ரோட்டுப் பாதியில் நின்றால் அந்தக் கொந்தராத்தைக் காட்டி நாம் வழக்குப் பேச முடியாது. அது நமக்காகச் செய்த ஒப்பந்தம் இல்லை.

இரண்டாவது, யாருக்கு என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவர் பெயரும் இருந்தால் ஆக நல்லது. பெயர் இல்லாவிட்டாலும், "இன்ன தோட்டத்தில் இன்ன லயத்தில் குடியிருக்கும் குடும்பங்கள்" என்று ஆளை அடையாளம் காணக்கூடிய வாசகம் வேண்டும். "மக்கள் நலன் கருதி" என்ற வாசகம் மேடைக்கு அழகு, வழக்குக்கு உதவாது.

மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டும். "எனக்காக நீங்கள் செய்த இந்த ஏற்பாட்டை நான் ஏற்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். நாம் ஏற்கும்வரை அந்த இரண்டு தரப்பும் தமக்குள் பேசி அதை மாற்றலாம், இல்லாமலும் செய்யலாம். ஏற்ற பிறகு நம்மை விட்டுவிட்டு அதில் கை வைப்பது அவ்வளவு லேசு இல்லை. சும்மா இருப்பதை ஏற்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வங்கி, ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி போன்ற சில விஷயங்களுக்கு 1852ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக் கட்டளை ஆங்கிலச் சட்டத்தையே கொண்டுவந்திருக்கிறது. அந்த விஷயங்களில் இந்த உரையை மட்டும் நம்பாமல் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். காப்புறுதி எடுத்தவர்கள், பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறிக்காமல் ஒருநாளும் விடாதீர்கள்.

தோழர்களே, இந்த ஊரில் நின்றுகொண்டு இந்த விஷயத்தைப் பேசும்போது நுரைச்சோலையைச் சொல்லாமல் போக முடியாது. மலையிலிருந்து வந்தவர்கள் புத்தளத்து அனல்மின் நிலையத்தை நினைக்க வேண்டாம். இது அக்கரைப்பற்றில் இருக்கும் நுரைச்சோலை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது இந்த அம்பாறைக் கரையில்தான். இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் முஸ்லிம் வீடு போனது, பக்கத்துப் பாண்டிருப்பில் தமிழ் வீடு போனது. கரையோரத்தில் திரும்பக் கட்டவும் தடை வந்தது. அந்த நேரத்தில் சவூதி அரேபியாவின் பணத்தில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்ட ஏற்பாடானது. வீட்டோடு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிவாசல் எல்லாம் திட்டத்தில் இருந்தன. கடலால் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களை மனதில் வைத்து வந்த திட்டம் அது.

பணம் கொடுத்தது ஒரு நாடு. வாங்கிக் கட்டுவித்தது இன்னொரு நாட்டின் அரசாங்கம். குடியேற வேண்டியவர்கள் முகாமிலும் உறவினர் வீட்டு மூலையிலும் இருந்தார்கள். 2008ஆம் ஆண்டு, அரச காணியில் கட்டும் வீட்டை ஒரு இனத்துக்கு மட்டும் கொடுப்பது பிழை என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போனது. நாட்டின் இன விகிதாசாரப்படி வீடுகளைப் பங்கிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வீடுகள் கட்டி முடிந்தன. ஆட்கள் குடியேறவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக அந்த வீடுகளைக் காடு மூடியது. யன்னலும் கதவும் உக்கின. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில். இங்கே வரத்தையும் கொடுத்துக் கோயிலையும் கட்டிவிட்டு, கதவைப் பூட்டி வைத்த கதை.

அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்று வழக்காட இங்கே வரவில்லை. அரச காணி எல்லோருக்கும் சமம் என்ற வாதத்தை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அதே கடல் தமிழனையும் சிங்களவனையும் அடித்தது, அவனுக்கும் கூரை வேண்டும். சங்கக்காரர் நாம் அதை மறுக்க மாட்டோம். நமக்கு வேண்டிய பாடம் வேறு. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் ஒரு கடதாசி இருந்தது. வழக்காடியவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இன்னொரு கடதாசி வந்தது. வீடு யாருக்கென்று எல்லோரும் வாயால் சொன்னார்களோ, அந்தக் குடும்பங்களின் கையில் என்ன கடதாசி இருந்தது? காணி யாருடையது, எந்த விதியின் கீழ், எந்தப் பட்டியலின்படி கொடுபடும் என்பதெல்லாம் அத்திவாரம் வெட்டுமுன் தீர்ந்து, அவர்கள் கையிலும் ஒரு எழுத்து இருந்திருக்க வேண்டும். வாய்வார்த்தையாய் வந்த நன்மைக்காக வழக்குப் பேசுவது மணலைக் கயிறாகத் திரிப்பது போல.

கரையோர மக்களும் மலையக மக்களும் இந்த விஷயத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். எங்கள் ஆட்கள் 9,75,000 பேரைப் பற்றிய ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். பிறகு 1974ஆம் ஆண்டு அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி என்று 75,000, 75,000 ஆகப் பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியைப் பிரித்தாற்போல. எங்கள் பாட்டன் பாட்டியிடம் எங்கே இருக்க விருப்பம் என்று ஒப்பந்தம் எழுதுமுன் யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் போனார்கள்.

2005 ஜூன் 24ஆம் திகதி சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கையெழுத்து வைத்தார்கள். பிராந்தியக் குழுவில் முஸ்லிம்களுக்கு மூன்று இடம் என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் கடலால் இவ்வளவு அடிபட்ட இந்தக் கரையின் முஸ்லிம் மக்களுக்கு ஒப்பந்தத் தரப்பாகக் கையெழுத்து வைக்க இடமிருக்கவில்லை. அந்த மனவருத்தத்தை இங்கே இருக்கும் காக்காமாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இவை நாடுகளும் ஆயுதம் வைத்திருந்தவர்களும் செய்த ஒப்பந்தங்கள். கலியாணக் கடதாசிக்குரிய சட்டம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் நோய் ஒன்றுதான்: நம்மைப் பற்றி எழுதுகிறார்கள், நம்மிடம் வாசித்துக் காட்டுவதில்லை.

இன்றைக்கு மலையில் நடப்பதைப் பாருங்கள். இந்தியா முதலில் 4,000 தனிவீடுகள் கட்டித் தந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். நல்ல விஷயம், நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். பணம் இந்தியாவினுடையது. காணி அரசாங்கத்தினுடையது. அந்தக் காணி குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது. கட்டுவது இன்னொரு நிறுவனம் பிடித்த கொந்தராத்து. இத்தனை கையெழுத்துக்குள் குடியிருக்கப்போகிற கொழுந்து பறிக்கும் அக்காவின் கையெழுத்து எங்கே? காணிக்கு உறுதி அவள் பெயரில் வருமா, அவள் புருஷன் பெயரில் வருமா, வராமலே போகுமா?

நாங்கள் போன ஒரு தோட்டத்தில் வீட்டுக் கூரைத் தகரம் முதல் மழைக்கே ஒழுகியது. வீட்டுக்காரர் கொந்தராத்துக்காரரிடம் போனார். "உங்களுக்கும் எனக்கும் ஒப்பந்தம் இல்லை, ஒபிசில் கேளுங்கள்" என்று பதில் வந்தது. ஒபிசில் கேட்டால், "கட்டியது நாங்கள் இல்லை" என்றார்கள். பந்து போல இரண்டு மாதம் உருண்டார். பிறகு சங்கம் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கியது. கட்டி முடித்த பிறகு வரும் குறைகளை இவ்வளவு காலத்துக்குள் திருத்த வேண்டும் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகத்தைக் குறிப்பிட்டு, வீட்டுக்காரர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் கடிதம் போனது. கூரை மாற்றினார்கள். கடிதம் போனபோது அந்தக் காலம் முடிய மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். கூட்டு ஒப்பந்தம் என்பது மூன்றாந்தரப்பின் உரிமைக்கு நம் நாட்டிலேயே மிக நல்ல உதாரணம். கையெழுத்து வைப்பது முதலாளிமார் சம்மேளனமும் சங்கங்களும். வேலை செய்வது நாம். 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், அதற்குக் கட்டுப்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் தனி வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் எழுதியது போலவே சேர்ந்துவிடும். இன்னும் ஒன்று: ஒப்பந்தத்தில் மாறாக எதுவும் சொல்லப்படாவிட்டால், அந்தத் தொழிலில் உள்ள மற்றத் தொழிலாளர்களுக்கும் அதற்குக் குறையாத நிபந்தனைகளை முதலாளி கடைப்பிடிக்க வேண்டும். சந்தா கட்டாதவனுக்கும், வேறு சங்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் நாங்கள் சொல்கிறோம்: "எங்கள் சங்கம் அதில் கையெழுத்து வைக்கவில்லையே, எனக்கு எப்படி வரும்" என்று எந்தத் தொழிலாளியும் ஒதுங்க வேண்டாம்.

2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் ஒப்பந்தம் இல்லை, அது 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தத் தொழிலின் முதலாளி எல்லோரையும் கட்டுப்படுத்தும். கையெழுத்து வைத்தேனா வைக்கவில்லையா என்று கம்பனி பேச முடியாது. அந்த வகையில் அது பலமானது. ஆனால் 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளத் தொகை வர்த்தமானியில் இருந்தது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பது போன்ற சங்கதிகள் நடுத்தெருவில் விடப்பட்டன. பல தோட்டங்களில் கொழுந்து நிறுவை கூட்டப்பட்டு, எடுக்காதவருக்கு அரைப்பேர் விழுந்ததை நாம் கண்டோம். தொகையை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களைப் படிக்காமல் விட்டால் இப்படித்தான் முடியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் இரண்டு பேர் ஒப்பந்தம் செய்து நம் தலையில் கடனையோ கடமையையோ சுமத்த முடியாது. நன்மை வரலாம், சுமை வராது. உங்கள் கையெழுத்து இல்லாத கடனுக்கு உங்களை யாரும் பிடிக்க முடியாது. அதனாலேயே நுண்கடன்காரர் நீட்டும் பத்திரத்தில், "சும்மா சாட்சிக்குத்தான்" என்று கேட்டாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அது பிணைக் கையெழுத்தாக இருந்தால் அந்த நிமிடமே நீங்கள் மூன்றாம் ஆள் இல்லை, கடன்காரர்.

சரி, என்ன செய்யலாம்?

நகல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகம், அமைச்சு, வீடமைப்பு நிறுவனம் எதுவானாலும் அங்கே தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். "இன்ன வீட்டுத் திட்டத்தின் ஒப்பந்தமும் பயனாளிகள் பட்டியலும் தேவை" என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் பெயரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம் பிழையாக இருந்தாலும் விட வேண்டாம். புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

ஏற்புக் கடிதம் அனுப்புங்கள். நாலு வரி போதும்: "இன்ன திகதியில் நீங்களும் இன்னாரும் செய்த ஒப்பந்தத்தில் எமக்கென்று குறித்த நன்மையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எமக்குத் தெரிவிக்காமல் அதில் மாற்றம் செய்ய வேண்டாம்." வாக்குக் கொடுத்தவருக்கு ஒன்று, மற்றத் தரப்புக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

நாளைக் கணக்கு வையுங்கள். அரச அதிகாரி அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குக் காலம் பொதுவாக ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று வருடம். காலம் போன பின் நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு திறக்காது.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. இனிமேல் சங்கம் கையெழுத்து வைக்கும் எந்த ஒப்பந்தத்திலும், "இதன் நன்மை இன்ன தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் உரியது, அவர்கள் தாமே நேரடியாகக் கேட்கலாம்" என்ற வாசகம் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் பிரட்டுக்களத்தில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யாவிட்டால் எங்கள் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

ஒரு வேலை தருகிறோம். அடுத்த கருத்தரங்குக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும், இந்தக் கரையோரத்தின் ஒவ்வொரு ஊரும் ஒரு கடதாசியின் நகலைக் கொண்டு வாருங்கள். வீட்டுத் திட்டமாக இருக்கலாம், தண்ணீர்த் திட்டமாக இருக்கலாம், சம்பள ஒப்பந்தமாக இருக்கலாம். உங்களைப் பற்றி வேறு இரண்டு பேர் எழுதியதாக இருக்க வேண்டும். ஒன்றாக உட்கார்ந்து வரி வரியாக வாசிப்போம். நம் பெயர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பென்சிலால் குறிப்போம். இல்லாத இடத்தில் எப்படி எழுதுவிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்வோம்.